நாலு பாட்டில், ஒரே முகம்: வைட்டமின் சி சீரத்தோடு ஒரு குன்னூர்ப் பனிக்காலம்

வைட்டமின் சி சீரத்தோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் ஒருவர் தன் முகத்துக்குச் சரியாக வந்த முறையைச் சொல்கிறார். அதை உறைபனி விழும் ஊரில் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. போன பனிக்காலம் முழுக்க மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். சீரம், டோனர், அப்புறம் அவை செய்ததைச் சரிசெய்ய வாங்கியவை, கோயம்புத்தூர் போய்வந்த செலவு, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம். மங்கு போகட்டும் என்று ஆரம்பித்த காரியம் அதைவிடக் கறுப்பான திட்டுகளில் போய் நின்றதுதான் இன்னும் ஆறவில்லை.

குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தேயிலைத் தோட்டத்து வழியாக நடக்கவேண்டும். சில்வர் ஓக் நிழல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும். இரண்டாவது பையன் வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. பிள்ளை பிறந்ததும் தானாகப் போய்விடும் என்றார்கள். பலருக்குப் போகும், எனக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அத்தை எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கன்னத்தில் தேய்க்கச் சொன்னார்: "அதுலயும் அதே வைட்டமின்தானேம்மா இருக்கு, எதுக்குக் காசைக் கொட்டறே?" இதைச் செய்யாதது நல்லதாகப் போயிற்று. எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம், அதன் அளவு நம் கையில் இல்லை. தவிர, எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் சில பொருட்கள் தோலில் பட்ட பிறகு வெயில் பட்டால், அந்த இடமே வெந்து கறுத்துப்போகும்.

முதலில் பார்லர் அக்கா சொல்லி நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) சீரம் வாங்கினேன். அது பாட்டுக்குப் பிரச்சினை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஆன்லைனில் 20 சதவீத வைட்டமின் சி சீரம் வந்தது. அதை வாங்கியதும் போனில் வருகிற வீடியோ எல்லாம் தோல் பராமரிப்பாகவே வர ஆரம்பித்தது. இறந்த செல்லை எடுக்காவிட்டால் சீரம் உள்ளே போகாது என்றார் ஒருவர். கிளைகாலிக் அமில டோனர் வாங்கினேன். மங்குக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) இல்லாமல் முடியாது என்றார் இன்னொருவர். தள்ளுபடி விலையில் அதுவும் வந்தது. முகம் கழுவும் ஜெல்லில் சாலிசிலிக் அமிலம் இருந்தது. எல்லாமே பெயர் வாங்கிய பொருட்கள்தான், போலி எதுவும் இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் "எல்லா வகைச் சருமத்துக்கும் ஏற்றது" என்றே போட்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் மற்றப் பாட்டிலைப் பற்றி எந்த அட்டையிலும் ஒரு வரி இல்லை.

கடைசியாக ஒரு வீடியோ வந்தது. வைட்டமின் சியும் நியாசினமைடும் சேர்ந்தால் விஷம் மாதிரி என்று பயமுறுத்தியது. பயந்துபோய் நியாசினமைடை ஓரங்கட்டினேன். இருந்தவற்றிலேயே சாதுவான பொருள் அதுதான் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. அந்தப் பயத்துக்கு வேர் 1960-களில் நடந்த பழைய சோதனைகளில் இருக்கிறது. நிலைப்படுத்தப்படாத வைட்டமின் சியையும் நியாசினமைடையும் அதிக வெப்பத்தில் கலந்து பார்த்த சோதனைகள் அவை. நம் முகத்தில் அந்த வெப்பமும் கிடையாது, அவ்வளவு நேரமும் கிடையாது. இன்று இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டே விற்கிறார்கள். நியாசினமைடு தோலின் மேற்புறத்தில் ஈரத்தைக் காக்கும் கொழுப்பான செராமைடு உற்பத்தியாக உதவும், வறட்சியைக் குறைக்கும். மலையில் இருக்கிற நமக்குத் தேவையானதே அதுதான். இரண்டையும் சேர்த்துப் போட்டு முகம் சிவந்தால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தூக்கிப் போடவேண்டாம்.

கார்த்திகை முடிந்து பனி இறங்க ஆரம்பித்த நேரம். இரவில் வெந்நீரில் முகம் கழுவி, கிளைகாலிக் டோனர், அதன்மேல் ரெட்டினால். காலையில் மறுபடி அதே ஜெல், வெந்நீர், வைட்டமின் சி, சன்ஸ்கிரீன். ஆரம்பத்தில் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஆபீசில் எல்லோரும் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அந்த மினுமினுப்பை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஈரப்பதத்தால் வரும் பொலிவில் முகம் மெத்தென்று இருக்கும். எனக்கு வந்ததில் தோல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள் மாதிரி இருந்தது. சிரித்தால் கண்ணோரம் மெல்லிய கோடுகள் விழுந்தன. மேல்தோல் தேய்ந்துவிட்டதற்கு அதுதான் முதல் அறிகுறி. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும் என்றார் டாக்டர்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் சன்ஸ்கிரீன் எரிந்தது. ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு வாங்கினேன், அதுவும் எரிந்தது. பிறகு சாதாரண மாய்ஸ்சரைசர் எரிந்தது. ஒருநாள் காலை பச்சைத் தண்ணீரே எரிந்தது. மூக்கின் இரண்டு ஓரமும் வாயோரமும் உரிந்து, வெங்காயச் சருகு போலத் தோல் எழும்பி நின்றது. டீ போட அடுப்பருகே குனிந்தால் பாத்திரத்து ஆவி கன்னத்தில் பட்டு எரியும். கம்பளி மஃப்ளரின் நூல் உரசினால்கூடக் கண்ணில் தண்ணீர் வரும், அந்தக் கண்ணீர் வழிந்த இடமும் எரியும். அக்கம்பக்கத்தில் என்னவென்று கேட்டால் பனி வெடிப்பு என்று சொல்லி வைத்தேன். அழகுக்காகப் பூசப்போய் இப்படி ஆனது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரரிடம் வீடியோ கால் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். ஊர் முழுக்க ஆள் இருந்தும் இதைப் பேச ஒருவர் இல்லை என்ற தனிமை ரொம்பப் பெரியது.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். "இதைப் போடுங்க அக்கா, ரெண்டே நாள்ல வெளுத்துடும்" என்று ஒரு சின்ன ட்யூபைக் கொடுத்தார் அந்தத் தம்பி. உண்மையிலேயே சிவப்பும் எரிச்சலும் மாயமாகிவிட்டன. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக, பொடிப்பொடியாகக் கொப்புளத்தோடு திரும்பி வந்தது. மறுபடி பூசினால் அடங்கும், விட்டால் கிளம்பும். அட்டையைத் திருப்பிப் படித்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. சரியான நோய்க்கு, சரியான நாள் கணக்கில் டாக்டர் கொடுத்தால் அது நல்ல மருந்து. முகத்தில் நம் இஷ்டத்துக்குப் பூசிக்கொண்டே போனால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பருவும் ரோமமும் வரும், விடவும் முடியாது. பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசே ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது, கேட்காமலும் கிடைக்கிறது. முகத்துக்கு என்று யாராவது ட்யூப் நீட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வெள்ளையாக்கும் கிரீம் என்று விற்கும் சிலவற்றிலும் இவை இருக்கின்றன.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். பஸ் பர்லியார் தாண்டி இறங்க இறங்கச் சூடு ஏறி, வியர்வை அரும்பி, அந்த உப்பு பட்டு முகம் எரிந்த எரிச்சல் மேட்டுப்பாளையம் வரை தீரவில்லை. அந்த டாக்டரம்மா திட்டவில்லை. பையில் கொண்டுபோன பாட்டில்களை மேசையில் வரிசையாக நிறுத்தி, "இது அமிலம், இதுவும் அமிலம், இதுவும் அமிலம். இது அமிலம் இல்லை, ஆனா தோலை உரிக்கும். மொத்தம் எவ்வளவு போச்சுன்னு முகத்துக்குத்தான்மா தெரியும்" என்றார்.

அவர் சொன்னதையும் நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பல வைட்டமின் சி சீரங்களில் இருப்பது எல்-அஸ்கார்பிக் அமிலம். அது தோலுக்குள் இறங்கவேண்டுமானால் கரைசலின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.5-க்குக் கீழே இருக்கவேண்டும். அமெரிக்காவில் ஷெல்டன் பின்னெல் என்ற தோல் மருத்துவரின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு இது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் தோல் கூடுதலாக உறிஞ்சுவதில்லை என்பதையும் அதே ஆய்வில் காட்டினார்கள். ஆக, பாட்டிலில் எண் பெரிதாக இருப்பதால் பலன் பெரிதாகிவிடாது, எரிச்சல்தான் பெரிதாகும். முதல்முறை போடுகிறவர்களுக்கு 10 சதவீதமே தாராளம். உள்ளே போன வைட்டமின் சி பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆகும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் குடி முழுகாது. இது முன்பே தெரிந்திருந்தால், எரிந்தாலும் விடக்கூடாது என்று தினமும் பூசியிருக்கமாட்டேன்.

கிளைகாலிக்கும் அமிலம், சாலிசிலிக்கும் அமிலம். ரெட்டினால் வேறு வழியில் மேல்தோலைச் சீக்கிரம் புதுப்பிக்கும், ஆரம்ப வாரங்களில் உரியவும் வைக்கும். வைட்டமின் சி இவற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும் என்பதல்ல இங்கே பிரச்சினை. எல்லாவற்றின் எரிச்சலும் ஒரே தோலில் கூடிக்கொண்டே போகிறது. அதனால் வைட்டமின் சியைக் காலையோடு நிறுத்துங்கள். ரெட்டினாலும் கிளைகாலிக்கும் இரவுக்கு; ஒரே இரவில் இரண்டும் வேண்டாம். ரெட்டினால் வாரத்தில் இரண்டு இரவு, வேறு ஓர் இரவு கிளைகாலிக், மற்ற இரவுகளில் வெறும் மாய்ஸ்சரைசர். பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு போடுகிறவர்கள் அதை வைட்டமின் சி மேலேயே பூசவேண்டாம், அது வைட்டமின் சியை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். காலை, இரவு என்று பிரித்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினால் பக்கமே போகவேண்டாம். பலருக்கு மங்கு அந்தக் காலத்தில்தான் வருகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சேர்ந்தால் நல்லது செய்யும் கூட்டணியும் உண்டு. 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ, 0.5 சதவீத ஃபெருலிக் அமிலம் சேர்ந்த கலவை வெயிலிலிருந்து தரும் பாதுகாப்பு, ஃபெருலிக் இல்லாத கலவையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2005-இல் ஆய்வு வந்தது. பெயரில் அமிலம் இருந்தாலும் இந்த அளவு ஃபெருலிக் தோலை உரிக்காது. ஹையலுரானிக் அமிலமும் உரிக்காது, ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் காற்று வறண்ட பனிக்காலத்தில் அதை மட்டும் போட்டு விட்டுவிட்டால் முகம் இன்னும் இழுக்கும். ஈர முகத்தில் போட்டு, உடனே மேலே கிரீம் பூசவேண்டும்.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல். குளிர்கிறது என்பதற்காக வெயில் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். ஸ்வெட்டரோடு வெயில் காய நிற்கும் அந்தக் காலை நேரத்தில் கன்னம் சுள்ளென்று இருக்குமே, அதுதான் விஷயம். மேகம் மூடினாலும், மெல்லிய மூடலாக இருந்தால் பெரும்பகுதி கதிர் உள்ளே வந்துவிடும். கிளைகாலிக் போட்டுத் தேய்ந்த தோலோடு இந்த வெயிலில் தோட்டத்து வழியே நடந்ததால்தான் கறுப்புத் திட்டு வந்தது. நம் நிறத் தோல் வீங்கிச் சிவந்து அடங்கினாலே கறுப்பை விட்டுச் செல்லும், வெயில் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதோடு உறைபனி மாதங்களின் வறட்சி, இரவு முழுக்க ஓடும் ரூம் ஹீட்டர், கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பனிக்காலத்தில் பச்சைத் தண்ணீரில் கைவைக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் முகத்துக்கு வெதுவெதுப்பே போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் இருப்பவர்கள் புதிதாக எந்த அமிலமும் தொடங்காதீர்கள். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் வந்தபிறகு தொடங்கலாம், அப்போதும் ஒவ்வொன்றாக.

டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நுரை அதிகம் வராத ஒரு க்ளென்சர், அதுவும் இரவில் மட்டும். காலையில் வெறும் தண்ணீர். செராமைடு உள்ள கிரீம், இரவில் அதன்மேல் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி, பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன். ஸ்டீராய்டை விடும் முறையை அவரே எழுதிக் கொடுத்தார். உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிப் பூசலாமா என்று அத்தைக்காகக் கேட்டேன். கை காலுக்குப் பூசுங்கள், முகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார். எரிச்சல் நிற்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தினமும் கண்ணாடி பார்த்துக்கொண்டு, ஒன்றும் பூசாமல் சும்மா இருப்பது மருந்து பூசுவதைவிடக் கஷ்டம். திட்டுகள் மங்க மேலும் பல மாதங்கள் ஆயின, மங்கு இன்னும் லேசாக இருக்கிறது.

சன்ஸ்கிரீனில் நான் புதிதாகத் தெரிந்துகொண்டது ஒன்று. மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது. சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வரும் வகைதான் தடுக்கும். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் நாலு சீரத்துக்குக் கொடுத்த பணத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெயிலில் நிற்கிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அது நடக்காத காரியம். அகன்ற தொப்பியும் முகத்தை மறைக்கும் துணியும் அவர்களுக்கு எந்தச் சீரத்தையும்விடப் பலன் தரும்.

மழைக்காலத்தில் டாக்டர் சம்மதத்தோடு வைட்டமின் சியை மறுபடி தொடங்கினேன். இந்த முறை சோடியம் அஸ்கார்பைல் ஃபாஸ்பேட் என்ற வகை. எல்-அஸ்கார்பிக் அளவுக்கு வேகமும் இல்லை, அதற்கிருக்கும் ஆய்வுப் பலமும் இல்லை. ஆனால் அவ்வளவு புளிப்பான கரைசல் தேவையில்லை, எரிச்சலும் குறைவு. முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் பூசிப் பார்த்தேன், பிறகு தாடையோரம், அப்புறம்தான் கன்னம். அடுத்த பொருளைத் தொட ஒரு மாதமாவது விடுங்கள். இல்லையென்றால் எது எரிக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எல்-அஸ்கார்பிக் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பாருங்கள். வாங்கும்போது நிறமில்லாமலோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்கவேண்டும். ஆரஞ்சு கலந்து பழுப்பானால் கெட்டுவிட்டது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கொட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் கூரியர் வண்டி மேட்டுப்பாளையத்தில் நாள் கணக்கில் நின்று வந்தால் பாட்டில் வரும்போதே நிறம் மாறியிருக்கும். கறுத்த கண்ணாடிப் பாட்டிலில், சிறிய அளவில் வாங்கி, திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

தண்ணீரே எரியும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் இன்று இரவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். நான் மலை இறங்கி அலைந்தேன், நீங்கள் அலையவேண்டாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது முகம் கழுவும் சோப்பு உட்பட முகத்தில் படுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மெடிக்கலில் கொடுத்த ட்யூபின் அட்டையையும் மறக்காமல் அதில் வையுங்கள். அதை எத்தனை நாள் பூசினீர்கள் என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.